107 என்றால் என்ன? ஒரு வான் ரயரின் வரலாறு

ஹயஸ் வான் ஒன்றின் ரயருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் இப்படி ஒரு வரி பொறித்திருக்கும்: 195/80 ஆர் 15 107/105 என் எல்ரி. கம்பனிப் பெயரை எல்லாரும் வாசிப்பம். 195, 15 இரண்டும் ரயர் கடையில் கேட்பார்கள் என்பதால் அவற்றையும் வாசிப்பம். பிறகு வருகிற 107ஐ அநேகமாக ஒருத்தரும் வாசிக்கிறதில்லை. ஆனால் வானுக்குள் இருக்கும் பதினாலு பேரையும் அவர்களின் பைகளையும் இந்த ரயர் தாங்குமா என்ற கேள்விக்கு அந்த மூன்று இலக்கத்தில்தான் பதில் இருக்கிறது.

கடையில் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, இந்தச் சைஸ் இருக்கோ?" சைஸ் சரியெண்டால் எல்லாம் சரி எண்டு நினைக்கிறம். இப்படி நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. ரயரின் அளவைச் சொன்னால் அது தாங்கும் பாரத்தையும் சொன்னதாகிவிடும். பிறகு அளவு ஒரு பக்கமும் பாரம் இன்னொரு பக்கமும் பிரிந்து போயின. அந்தப் பிரிவு நடந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் இன்னும் பழைய கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவை எப்படிப் பிரிந்தன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

சுமப்பது காற்று

பாரத்தை இறப்பர்தான் சுமக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்று. இறப்பரும் நூலும் அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும் பை மட்டுமே. ஸ்கொட்லாந்துக்காரரான றொபேர்ட் வில்லியம் தொம்சன் 1845இலேயே இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போது மோட்டார் வாகனமும் இல்லை, நல்ல சைக்கிளும் இல்லை. அதனால் அந்தக் கண்டுபிடிப்பு மறந்துபோனது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தன்னுடைய மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்று ரயருக்குக் காப்புரிமை எடுத்தார். தொம்சன் முந்திவிட்டார் என்பது தெரியவந்ததும் அந்தக் காப்புரிமை செல்லாமல் போனது. ஆனால் தொழில் நிலைத்துவிட்டது.

1895இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் ஓட்டத்தில் காற்று ரயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். வழி நெடுகக் காற்றுப் போனது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு காரின் பாரத்தைக் காற்றால் சுமக்க முடியும் என்பதை ஊரே பார்த்துவிட்டது.

இந்தக் கதையில் எங்கள் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிறேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900 கன்றுகள், அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை நடுவதற்காகவே கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டம் திறக்கப்பட்டது. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி எனத் தோட்டங்கள் பரவின. அங்கே விடியக் காலையில் பால் வெட்டியவர்களில் மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். உலகின் கார்கள் உருள்வதற்கு அவர்களின் கைகள் ஒரு காரணம். அந்தப் பெயர்கள் எந்த ரயரிலும் பொறிக்கப்படவில்லை.

பெரிய ரயர், கூடிய பாரம்

1908இல் வந்த ஃபோர்ட் மொடல் ரி காரைப் பாருங்கள். முன் ரயர் 30 x 3. பின் ரயர் 30 x 3½. முதல் எண் ரயரின் முழு உயரம், அங்குலத்தில். இரண்டாவது அதன் தடிப்பு. பின்னுக்கு ஏன் அரை அங்குலம் கூட? ஆட்களும் சாமானும் பின்னால் இருப்பதால் அங்கே பாரம் கூட. கூடிய பாரத்துக்குக் கூடிய காற்று தேவை. கூடிய காற்றுக்குத் தடித்த ரயர் தேவை.

அந்தக் காலத்தில் கணக்கு இவ்வளவுதான். எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரிப் பருத்தித் துணியைத்தான் பாவித்தன, காற்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் அடித்தார்கள். அதனால் அளவைப் பார்த்தே எவ்வளவு தாங்கும் எண்டு சொல்லிவிடலாம். அளவும் பாரமும் ஒரே எண்ணுக்குள் இருந்த காலம் அது.

1923இல் ஃபயர்ஸ்டோன் கம்பனி 'பலூன்' ரயரைக் கொண்டுவந்தது. இது அகலமானது, குறைந்த காற்றில் ஓடக்கூடியது, குலுக்கமும் குறைவு. இதோடு அளவு எழுதும் முறையும் மாறியது. முழு உயரத்தை எழுதாமல் தடிப்பையும் றிம்மின் குறுக்களவையும் எழுதத் தொடங்கினார்கள். மொடல் ரி காருக்குப் பின்னாளில் வந்த 4.40-21 அப்படியான ஒன்று. இன்று நம் வான் ரயரில் இருக்கும் 15 இந்த வழியில் வந்ததுதான். அது ரயரின் உயரத்தைக் குறிப்பதில்லை. றிம்மின் குறுக்களவு 15 அங்குலம் என்பதே அதன் பொருள்.

இங்கேதான் முதல் விரிசல் விழுகிறது. றிம்முக்குப் பொருந்துமா என்பதை ஓர் எண் சொல்லத் தொடங்கிவிட்டது. தாங்குமா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

எட்டு அடுக்கு இல்லாத எட்டு

பழைய ரயரின் பலம் அதற்குள் எத்தனை துணி அடுக்கு இருக்கிறது என்பதில் இருந்தது. காருக்கு நாலு, லொறிக்கு எட்டு, பத்து. கூட அடுக்கு இருந்தால் கூடக் காற்று அடிக்கலாம். கூடக் காற்று அடித்தால் கூடப் பாரம் ஏற்றலாம். வாங்குபவருக்கும் விளங்கக்கூடிய கணக்கு.

1930களில் றேயோன் நூல் வந்தது, அடுத்த பத்தாண்டில் நைலோன். பருத்தியைவிடப் பலமான நூல் என்பதால் நாலு அடுக்கே முந்திய எட்டு அடுக்கின் வேலையைச் செய்தது. சனம் என்ன சொல்லும்? "உதில அடுக்குக் குறைவு, வேண்டாம்" எண்டுதான் சொல்லும். அதனால் கம்பனிகள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் பரவாயில்லை, எத்தனை பருத்தி அடுக்குக்குச் சமமான பலம் என்பதை எழுதுவோம் என்று முடிவு செய்தன. அதுதான் இன்றும் வான் ரயர்களில் காணும் 8பிஆர். அதற்குள் எட்டு அடுக்கைத் தேடினால் கிடைக்காது. எப்போதோ வழக்கொழிந்த பருத்தி ரயர் ஒன்றின் நினைவுதான் அந்த எட்டு.

ஆனால் அது வெறும் நினைவுச் சின்னமும் இல்லை. 8பிஆர் போட்ட வான் ரயர்கள் பலவற்றில் 65 பிஎஸ்ஐ வரை காற்று அடிக்கலாம். சாதாரணக் கார் ரயர் தன் முழுப் பாரத்தையும் சுமப்பதற்கு வரையறுக்கப்பட்ட காற்று சுமார் 36 பிஎஸ்ஐ. இரண்டும் ஒரே அகலமாக இருக்கலாம், ஒரே றிம்மில் ஏறலாம். உள்ளே அடைக்கக்கூடிய காற்றின் அழுத்தத்தில்தான் வித்தியாசம். சுமப்பது காற்று என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

மில்லிமீற்றரும் அங்குலமும்

195 என்பது மில்லிமீற்றர். 15 என்பது அங்குலம். ஒரே வரியில் ஏன் இரண்டு அளவை முறை?

1946இல் மிஷலின் நிறுவனம் றேடியல் ரயருக்குக் காப்புரிமை எடுத்தது. பழைய ரயரில் நூல்கள் சரிவாக ஒன்றையொன்று குறுக்கே வெட்டி ஓடும். றேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு நேராக ஓடும். அவற்றின் மேல், தரையில் படும் பகுதிக்குக் கீழே, உருக்குக் கம்பிப் பட்டி ஒன்று வரும். இதனால் பக்கச் சுவர் நெகிழ்ந்து கொடுக்கும், தரையில் படும் பகுதி தட்டையாக நிற்கும், சூடும் தேய்வும் குறையும். 1949இல் 'எக்ஸ்' என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. நம் வரியில் இருக்கும் 'ஆர்' இதையே குறிக்கிறது. ஆர் எழுத்துக்கு 'றேடியஸ்' எண்டு பொருள் சொல்பவர்கள் எங்கட ஊரிலும் இருக்கினம். அது பிழை.

மிஷலின் பிரெஞ்சு நிறுவனம். அகலத்தையும் மில்லிமீற்றரில் எழுதியது, றிம்மையும் மில்லிமீற்றரில் எழுதியது. அக்காலச் சித்ரோன் காருக்கு வந்த எக்ஸ் ரயரின் அளவு 165 x 400. ஆனால் உலகின் பெரும்பாலான றிம்கள் அமெரிக்க, பிரித்தானிய வழியில் அங்குலத்தில் செய்யப்பட்டிருந்தன. றேடியலை உலகம் ஏற்றுக்கொண்டது, மில்லிமீற்றர் றிம்மை ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: அகலம் மில்லிமீற்றர், றிம் அங்குலம். 1970களில் மிஷலின் மறுபடியும் மில்லிமீற்றர் றிம்முடன் ரிஆர்எக்ஸ் என்ற ரயரைக் கொண்டுவந்து பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை.

நடுவில் உள்ள 80, பக்கச் சுவரின் உயரம் அகலத்தின் எத்தனை வீதம் என்பதைச் சொல்கிறது. 195 மில்லிமீற்றரில் 80 வீதம் 156 மில்லிமீற்றர். முன்பு எல்லா ரயரும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் இருந்ததால் அதை எழுதத் தேவை இருக்கவில்லை. தாழ்ந்த ரயர்கள் வந்த பிறகுதான் எழுத வேண்டிவந்தது. இன்றும் சில வான் ரயர்களில் 195 ஆர் 15 என்று மட்டும் இருந்தால் அங்கே ஏறத்தாழ 80 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

107 பிறந்த கதை

இப்போது நிலைமையைப் பாருங்கள். நூல் மாறிவிட்டது, கட்டமைப்பு மாறிவிட்டது, விகிதம் மாறிவிட்டது. ஒரே அகலமும் ஒரே றிம்மும் கொண்ட இரண்டு ரயர்கள் முற்றிலும் வேறு பாரம் தாங்கலாம். கண்ணால் பார்த்தோ அளவை வாசித்தோ இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே பாரத்துக்கென்று தனி எண் தேவைப்பட்டது.

ஐரோப்பாவில் ஐ.நா.வின் பொருளாதார ஆணைக்குழு 1975இல் கார் ரயர்களுக்கும், 1983இல் வான், லொறி, பஸ் ரயர்களுக்கும் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாரச் சுட்டெண்ணும் வேகக் குறியும் பக்கச் சுவரில் நிலைபெற்றது இந்தக் காலத்தில்தான். சுட்டெண் கிலோக் கணக்கு இல்லை, அட்டவணையில் ஓர் இடம். ஒவ்வொரு படிக்கும் பாரம் ஏறத்தாழ 3 வீதம் கூடும். 91 என்றால் 615 கிலோ. 100 என்றால் 800 கிலோ. 105 என்றால் 925 கிலோ. 107 என்றால் 975 கிலோ. வான் ரயரில் 107/105 என்று இரண்டு எண் இருப்பது ஏனென்றால், முதலாவது ஒரு பக்கத்துக்கு ஒரு ரயர் பூட்டும்போது, இரண்டாவது சில லொறிகளில் போல இரட்டையாகப் பூட்டும்போது. கடைசியில் வரும் என் வேகக் குறி, மணிக்கு 140 கிலோமீற்றர். எல்ரி என்பது இலகு ரக லொறிக்கான ரயர் என்ற அடையாளம். ஐரோப்பிய ரயர்களில் இதற்குப் பதிலாக 15க்குப் பின்னால் 'சி' என்ற எழுத்து வரும்.

சரி, கணக்குக்கு வருவம். வெறும் வான் 2,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 பேர், ஆளுக்கு 65 கிலோ, மொத்தம் 910. பைகள் 150 கிலோ. எல்லாமாக 3,060 கிலோ. இதில் பின் அச்சில் 1,700 கிலோ விழுந்தால், பின் ரயர் ஒவ்வொன்றும் 850 கிலோ சுமக்கிறது. 107 ரயருக்கு இது சரி, 125 கிலோ மிச்சமும் உண்டு.

இப்போது 195/65 ஆர் 15 91 எச் என்ற கார் ரயரை எடுங்கள். கடைகளில் தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. 195 இருக்கு, 15உம் இருக்கு, றிம்மில் ஏறும். ஆனால் தாங்குவது 615 கிலோ. அதாவது ஒவ்வொரு பின் ரயரிலும் 235 கிலோ கூடுதல். கார் ரயரை வானிலோ இலகு ரக லொறியிலோ பூட்டினால் அதன் பார அளவை 1.10ஆல் பிரித்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 615கூட இல்லை, 559தான்.

பாரம் கூடினவுடன் ரயர் வெடிக்காது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடிந்து நிமிரும். மடிந்து நிமிர்வதால் சூடு ஏறும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு வான் ரயர் ஒன்று சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் தடவை சுற்ற வேண்டும். முறிகண்டி தாண்டி நேர் வீதியில் மத்தியான வெயிலில் 90இல் போகும்போது அந்தச் சூட்டுக்கு வெளியேற வழி இல்லை. இறப்பருக்கும் உருக்குப் பட்டிக்கும் இடையே உள்ள பிடிப்பு மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு வரும். வெளியில் ஒன்றும் தெரியாது.

2000ஆம் ஆண்டின் பாடம்

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் 1978இல் ஃபயர்ஸ்டோன் 500 என்ற றேடியல் ரயர்கள் ஒரு கோடிக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. மேற்பட்டை கழன்றதுதான் பிரச்சினை. 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 2000 ஓகஸ்ற் மாதம், அதே நிறுவனம் மறுபடியும் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்புளோறர் என்ற வாகனத்தில் பூட்டப்பட்டிருந்தவை. இந்த ரயர்களோடு தொடர்புபட்ட விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 270இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ரயரில் பிழையா, வாகனத்தில் பிழையா என்று இரண்டு கம்பனிகளும் சண்டை பிடித்தன. அந்தச் சண்டையில் வெளிவந்த ஒரு விசயம் நமக்கு முக்கியம். வாகனக் கம்பனி பரிந்துரைத்த காற்று 26 பிஎஸ்ஐ. குறைந்த காற்று என்றால் குறைந்த பாரம். மிச்சமாக இருந்த பலம் கொஞ்சம்தான். வெயில், வேகம், நிறைந்த குடும்பம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது அந்த மிச்சமும் போய்விட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்தது. புதிய கார்களின் முகப்பில் எரியும் ரயர் காற்று விளக்கு அந்தச் சட்டத்தின் பிள்ளை.

எங்கட பக்கம்

இறப்பர் விளையும் நாடு இது. 1952இல் இலங்கை சீனாவோடு செய்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்கியது. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் ரயர் தொழிற்சாலையும் வந்தது. இருந்தாலும் நல்ல ரயர் என்பது இங்கே எப்போதும் தாராளமாகக் கிடைத்த பொருள் இல்லை.

வடக்கில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் கதைகள் வரும். எது கிடைக்குதோ அதைப் பூட்டு, ஓடினால் போதும் என்ற காலம். அதில் பிழை சொல்ல ஏதும் இல்லை, உயிர் தப்பிய வழி அது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோதும், 2022இல் டொலர் இல்லாமல் நாடே நின்றபோதும் அதே பழக்கம் திரும்பி வந்தது. 'டொல்பின்' வான்களும் கேடிஎச் வான்களும் வயது போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாவித்த ரயர், ரீபில்ட் ரயர், கார் ரயர் என்று கையில் காசுக்கு ஏற்றதைப் பூட்டுகிறார்கள். பஞ்ச காலம் நமக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி "ஏறுமோ?" என்பது. "தாங்குமோ?" என்று கேட்கப் பழக்கவில்லை.

இந்த வான்களில் போவது யார் என்று யோசியுங்கள். கலியாண வீட்டுக்காரர், கொழும்புக்கு விசா எடுக்கப் போகிறவர்கள், கட்டுநாயக்காவுக்கு வழியனுப்பப் போகும் குடும்பங்கள், கண்ணயர்ந்த சின்னப் பிள்ளைகள். பாடசாலை வான்கள் இன்னும் கூட. அவர்களில் ஒருத்தருக்கும் ரயரைத் தெரிவு செய்யும் உரிமை இருக்கவில்லை.

பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. சாரதிக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு ஓரத்திலோ ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதில் ரயரின் அளவும் அடிக்க வேண்டிய காற்றும் எழுதியிருக்கும். பூட்டியிருக்கும் ரயரின் பாரச் சுட்டெண், அந்த வானுக்குக் கம்பனி குறித்த ரயரின் சுட்டெண்ணைவிடக் குறையக் கூடாது, கூடினால் பிழை இல்லை. காற்றை ஓடுவதற்கு முன், ரயர் குளிராக இருக்கும்போது பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரியின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரீபில்ட் ரயரில் மேற்பட்டைதான் புதிது, உடம்பின் வயது இந்த நாலு இலக்கத்தில் இருக்கும்.

வான் வைத்திருப்பவர்களோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. லீசிங் கட்டி, டீசல் அடித்து, ஓட்டம் இல்லாத நாட்களையும் சமாளித்துத்தான் அவர்கள் அதை ஓட்டுகிறார்கள். நாலு ரயரும் ஒன்றாக மாற்றுவது அவர்களுக்குச் சின்னச் செலவு இல்லை. ஆனால் கார் ரயருக்கும் வான் ரயருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை 14 பேருக்குப் பிரித்தால், நாலைந்து ஓட்டத்துக்குள் முடிந்துவிடக்கூடிய தொகை அது. வாடகை பேசும்போது ஏசி இருக்கோ, சீற் சாயுமோ என்று கேட்கிற நாங்கள், ரயரில் என்ன எண் இருக்கு என்றும் கேட்கலாம். நாலு பேர் கேட்கத் தொடங்கினால் ஐந்தாவது ஆளுக்கு முன்பே அந்த ரயர் மாறியிருக்கும்.